வறுத்த தேயிலை மணக்கும் சாக்லேட் குக்கீ

ஹோஜிச்சா என்பது ஜப்பானியர்கள் வறுத்துக் குடிக்கும் பச்சைத் தேயிலை. பச்சைத் தேயிலை என்றதும் நினைவுக்கு வரும் இளம்பச்சை நிறமோ புல்வாசனையோ இதில் இருக்காது. இலை பழுப்பாக இருக்கும். வெந்நீரில் போட்டால் செம்பழுப்பாகச் சாறு இறங்கும். மணத்தில் வறுகடலையும் காய்ச்சிய சர்க்கரையும் கொஞ்சம் புகையும் கலந்திருக்கும். இதைப் பொடியாக்கி ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் சாக்லேட்டிலும் சேர்ப்பது ஜப்பானில் பரவலான பழக்கம். கியோட்டோ வட்டாரத்துக்கென்றே உஜி ஹோஜிச்சா சுவையில் கிட்கேட் கூட வந்திருக்கிறது. இந்த வரிசையில் வீட்டில் செய்ய எளிதானதும், பட்ட பாட்டுக்கு நிறையப் பலன் தருவதும் ஹோஜிச்சா கலந்த சாக்லேட் குக்கீதான். ஓரம் லேசாக மொறுமொறுத்து, நடுவில் மெத்தென்று, கடித்தால் சற்று இழுபட்டு வரும் குக்கீ அது.

ஜப்பானியத் தேயிலையைக் கொண்டு இனிப்பு செய்வதென்றால் எல்லோரும் முதலில் எடுப்பது மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைத்தான். ஆனால் ஓவனுக்குள் மாட்சா சோபிப்பதில்லை. அதன் பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. சூடு ஏற ஏறப் பச்சையம் சிதைந்து மங்கலான பழுப்பாக மாறிவிடும். கேக்கின் உட்புறம் தப்பித்தாலும், மெல்லிய குக்கீ தப்பிப்பது கடினம். ஹோஜிச்சாவுக்கு இந்தக் கவலை இல்லை. ஓவனில் குக்கீ காணும் சூட்டைவிட அதிகச் சூட்டை அது வறுபடும்போதே பார்த்துவிட்டது. நிறத்தில் அது இழக்க ஒன்றுமில்லை. மணத்தில் மட்டும் கொஞ்சம் காற்றோடு போகும். அதைப் பிடித்து நிறுத்துவதில்தான் இந்தக் குக்கீ செய்பவரின் கைத்திறன் தெரியும்.

தண்டிலிருந்து வந்த தேநீர்

ஜப்பானில் தேயிலையைப் பறித்தவுடன் நீராவியில் அவித்துவிடுவார்கள். அவித்ததும் இலையிலுள்ள நொதிகள் செயலிழந்துபோகும். இலை கறுக்காமல் பச்சையாகவே நிற்கும். அதே நொதிகளை வேலை செய்ய விட்டால் கிடைப்பது நம் டீக்கடைகளில் கொதிக்கும் கறுப்புத் தேயிலை. அவித்து, உருட்டி, உலர்த்தும் முறையை 1738இல் உஜி வட்டாரத்தைச் சேர்ந்த நாகதானி சோஎன் செம்மைப்படுத்தியதாக ஜப்பானியத் தேயிலை வரலாறு சொல்கிறது. இப்படித் தயாராகும் இலைக்கு சென்சா என்று பெயர். பருவத்தின் பின்பகுதியில் பறிக்கும் முற்றிய, பெரிய இலைகள் பன்சா. இலையைத் தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படும் தண்டுகளும் காம்புகளும் குக்கிச்சா என்ற பெயரில் தனியாக விலைபோகும்.

ஹோஜிச்சா பெரும்பாலும் இந்தப் பன்சாவிலிருந்தும் குக்கிச்சாவிலிருந்தும் வருவது. விலை குறைந்த சரக்கை எடுத்து, சூடேற்றி, அதற்கு ஒரு புது மணத்தைக் கொடுத்து விற்கும் வணிக சாமர்த்தியத்திலிருந்து பிறந்த பானம் இது. 1920களில் கியோட்டோ வணிகர்கள் மீந்துபோன இலையையும் தண்டையும் கரிநெருப்பில் வறுத்து விற்கத் தொடங்கியதிலிருந்து இது பரவியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இஷிகாவா மாகாணத்தின் கனசாவா நகரம் தண்டு வறுப்பதில் தனக்கு அதைவிடப் பழைய உரிமை உண்டு என்று சொல்லும். அங்கே தண்டுகளை மட்டும் வறுத்துத் தயாரிக்கும் ‘காகா போச்சா’ இன்றும் அந்த ஊரின் அடையாளம். 1983இல் மரம் நடும் விழாவுக்காக இஷிகாவா வந்த ஷோவா பேரரசருக்குத் தரமான முதல் பறிப்புத் தண்டுகளை மெல்லிய சூட்டில் வறுத்துக் கொடுத்த பிறகுதான், வறுத்த தண்டுத் தேநீர் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் மாறத் தொடங்கியது.

வறுப்பது சில நிமிட வேலை. ஆலைகளில் சுழலும் உருளைகளில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வறுப்பார்கள். வீடுகளில் இதற்கென்றே ஹோரோக்கு என்ற மண்சட்டி உண்டு. மேல்பக்கம் ஒரு வாயும், உள்ளே துளையுள்ள கைப்பிடியும் அதற்கு இருக்கும். இலையைப் போட்டு அடுப்பின் மேல் குலுக்கிக்கொண்டே வறுத்து, புகை எழும்போது கைப்பிடித் துளை வழியாகக் கவிழ்த்துவிடலாம். வாங்கி நாளாகி மணம் போன சென்சாவை இப்படி வறுத்துப் புதுப்பித்துக் குடிப்பது பழைய வழக்கம். கியோட்டோவின் தேயிலைக் கடைகள் சிலவற்றில் வாசலிலேயே வறுப்பார்கள். தெருவில் போகிறவருக்கு அந்த மணமே விளம்பரம்.

வறுப்பின் வேதியியல்

தேயிலையில் தியனின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. இலையைவிடத் தண்டில் அதன் பங்கு கூடுதல். சூட்டில் இந்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து வினைபுரிகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்டின் பெயரால் இது மெய்லார்ட் வினை எனப்படுகிறது. தோசை சிவப்பதும் காப்பிக்கொட்டை மணப்பதும் இதே வினையால்தான். ஹோஜிச்சாவில் இது உண்டாக்கும் மணப்பொருள்களில் முக்கியமானவை பைரசீன்கள். வறுத்த கடலை, வறுத்த எள் போன்றவற்றின் மணத்துக்கும் இவையே காரணம். அதே சூட்டில், நாக்கில் துவர்ப்பைத் தரும் கேட்டசின்கள் குறைந்துவிடுகின்றன. அதனால்தான் ஹோஜிச்சாவைக் கொதிக்கும் நீரிலேயே போட்டாலும் கசந்துபோவதில்லை. சென்சாவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஹோஜிச்சாவில் கஃபீன் மிகக் குறைவு என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஜப்பானிய அரசின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் ஹோஜிச்சா பானத்தில் 20 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. சென்சாவிலும் அதே 20தான். கறுப்புத் தேநீரில் 30, காப்பியில் 60. காப்பியோடு ஒப்பிட்டால் குறைவு என்பது சரி. மற்றபடி எந்த இலையை, எவ்வளவு போட்டுக் காய்ச்சினோம் என்பதைப் பொறுத்தது. பொடியாக்கிச் சாப்பிடும்போது இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குக்கீ ஒன்றுக்கு முக்கால் கிராம் அளவே தேயிலை சேர்வதால் பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. குழந்தைகளுக்கு இரவில் கொடுப்பவர்கள் சாக்லேட்டின் கஃபீனையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

இனி சாக்லேட். கொக்கோ விதைகளும் நொதித்து, உலர்ந்து, பிறகு வறுபடுகின்றன. சாக்லேட்டின் மணத்திலும் பைரசீன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோஜிச்சாவும் சாக்லேட்டும் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்த உறவு. ஆனால் உறவு நெருக்கமாக இருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலையோ புதினாவையோ சாக்லேட்டில் கலந்தால் அவை தனித்துத் தெரியும். மணத்தின் குடும்பமே வேறு. ஹோஜிச்சா அப்படியல்ல. சாக்லேட் கொஞ்சம் தூக்கலானால் தேயிலை அதற்குள் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சாப்பிடுபவர் “நல்ல சாக்லேட் குக்கீ” என்பார். தேயிலைக்குச் செலவழித்த காசு வீண். ஆகவே இந்தக் குக்கீயில் ஒவ்வொரு தீர்மானமும், எந்தச் சாக்லேட், எவ்வளவு கொக்கோ, வெண்ணெயை எப்படி உருக்குவது என்பதுவரை, தேயிலைக்கு இடம்விடும் தீர்மானமாக இருக்க வேண்டும்.

மொறுமொறுப்பும் மெத்தென்ற பதமும்

சாக்லேட் துண்டுகள் போட்ட குக்கீயின் பிறப்பிடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள விட்மன் என்ற ஊர். அங்கே டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930களில் இதை உருவாக்கினார். 1938இல் அவருடைய சமையல் நூலின் பதிப்பில் குறிப்பு அச்சானது. மாவில் போட்ட சாக்லேட் உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தார், அது துண்டாகவே நின்றுவிட்டது, இப்படித் தற்செயலாகக் குக்கீ பிறந்தது என்ற கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. உணவியலை முறையாகப் படித்து, பல ஆண்டுகள் விடுதிச் சமையலறையை நடத்திய ஒருவரைப் பற்றிய கதை இது என்பதை நினைத்தால் நம்பத் தோன்றாது. 1939இல் நெஸ்லே நிறுவனத்தோடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டால் செய்முறை சாக்லேட் உறையிலேயே அச்சாகி நாடு முழுக்கப் போனது. வேக்ஃபீல்டின் குக்கீ சிறியது, மொறுமொறுப்பானது. கையகலத்தில், நடுவில் மெத்தென்று இருக்கும் குக்கீ அதற்குப் பல காலம் பின்னால் வந்த ருசி. ஜப்பானில் இந்தப் பதத்தைப் பாக்கெட்டில் அடைத்துப் பிரபலமாக்கியது ஃபுஜியா நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்திய ‘கன்ட்ரி மாம்’.

ஒரே பொருட்களைக் கொண்டு ஒரு குக்கீ மொறுமொறுப்பாகவும் இன்னொன்று மெத்தென்றும் வருவது எப்படி? விடை பெரும்பாலும் ஈரத்தில் இருக்கிறது. சுட்டு ஆறிய பிறகும் நடுவில் எவ்வளவு ஈரம் தங்குகிறதோ அவ்வளவு மென்மை. ஈரத்தைத் தக்கவைப்பதில் முதல் பங்கு சர்க்கரைக்கு. வெள்ளைச் சர்க்கரை ஓவனில் உருகி, ஆறும்போது இறுகிப் படிகமாகும்; குக்கீ உடையும் பதத்துக்குப் போகும். பழுப்புச் சர்க்கரையில் கரும்புப் பாகு இருக்கிறது. அதிலுள்ள குளுக்கோசும் பிரக்டோசும் காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மெத்தென்ற குக்கீக்குப் பழுப்புச் சர்க்கரை இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு என்பது பாதுகாப்பான கணக்கு. முழுக்கப் பழுப்புச் சர்க்கரையே போட்டால் மாவு பரவாமல் குன்றாக நிற்கும், ஓரத்தின் மொறுமொறுப்பும் போய்விடும்.

இரண்டாவது, வெண்ணெய். வெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வெண்ணெயைக் குழைத்துச் சேர்த்தால் மாவில் காற்று புகுந்து குக்கீ கேக் மாதிரி உப்பும். உருக்கிச் சேர்த்தால் அந்தத் தண்ணீர் வெளிப்பட்டு மைதாவோடு சேர்ந்து பசையத்தை (குளூட்டன்) வளர்க்கும். கடிக்கும்போது தெரியும் அந்த இழுவை இந்தப் பசையத்தால் வருவதுதான். மூன்றாவது, முட்டை. வெள்ளைக்கரு ஈரத்தையும் பிடிப்பையும் தருகிறது; மஞ்சள்கரு கொழுப்பைத் தந்து மென்மையாக்குகிறது. நான்காவதும் கடைசியுமானது நேரம். இரண்டு நிமிடம் அதிகமாகச் சுட்டால் மேலே சொன்ன அனைத்தும் வீண்.

பொருட்களைத் தேர்ந்தெடுப்பது

பதின்மூன்று குக்கீ அளவுக்கு வேண்டியவை: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், ஹோஜிச்சா பொடி 10 கிராம், பழுப்புச் சர்க்கரை 110 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை ஒன்று, மைதா 145 கிராம், கொக்கோ பொடி 10 கிராம், ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, சாக்லேட் 120 கிராம். கப் கணக்கில் அளப்பதைவிட எடை போடுவது மேல். மைதாவைக் கப்பில் அமுக்கி அளக்கிறோமா, தூவி அளக்கிறோமா என்பதைப் பொறுத்து எடை கணிசமாக மாறும். இந்த அளவுக்கு 20 கிராம் மைதா கூடினாலே குக்கீ பரவாது.

ஹோஜிச்சா பொடி இணையக் கடைகளிலும் பெரிய நகரங்களின் ஜப்பானிய மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். பெட்டியில் ‘லாட்டே’ என்று எழுதியிருந்தால் எச்சரிக்கை வேண்டும். அது பெரும்பாலும் சர்க்கரையும் பால்பொடியும் கலந்தது, தேயிலை அதில் கொஞ்சம்தான். இலையாக வாங்கினால் மிக்ஸியின் சிறிய ஜாரில் அரைத்துச் சலிக்க வேண்டும். தண்டு எளிதில் மசியாது; சலிக்காமல் போட்டால் பல்லில் நறநறக்கும். மிளகாயும் மல்லியும் அரைத்த ஜார் இதற்கு உதவாது. எத்தனை முறை கழுவினாலும் அதன் மணம் தேயிலையில் ஏறிவிடும்.

ஹோஜிச்சா கிடைக்காத இடத்தில் பச்சைத் தேயிலையை வாங்கி வீட்டிலேயே வறுத்துக்கொள்ளலாம். வாசனை எதுவும் சேர்க்காத, உதிரியான இலையாக இருக்க வேண்டும். நீலகிரியில் விளையும் பச்சைத் தேயிலையும் இதற்கு ஆகும். கனமான இரும்பு வாணலியை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மிதமான தீயில் காயவைத்து, இரண்டு கைப்பிடி இலையைப் போட்டுக் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் புல்வாசனை எழும், பிறகு வறுத்த பயறின் வாசனை, அதன் பின் இலை பழுத்து மெல்லிய புகை கிளம்பும். அந்தக் கட்டத்தில் உடனே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும்; வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிக் கசக்கும். ஜப்பானில் அவித்துச் செய்த இலையில் கிடைக்கும் இனிப்பு மணம் முழுதாக வராது என்றாலும் குக்கீக்குப் போதுமான தரம் வரும். கறுப்புத் தேயிலைத் தூளை வறுத்துப் போடலாமா என்றால், கூடாது. அது வேறு வழியில் பக்குவப்பட்ட இலை. வறுத்தால் துவர்ப்பும் கருகலும்தான் மிஞ்சும்.

சாக்லேட்டில் கொக்கோ 50 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். 70 சதவீத டார்க் சாக்லேட் தனியாகச் சாப்பிட உயர்வானது. இங்கே அது தேயிலையை விழுங்கிவிடும். நல்ல பால் சாக்லேட்டும் பொருந்தும். ஹோஜிச்சாவின் மணத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது வெள்ளைச் சாக்லேட். அதில் கொக்கோ வெண்ணெய் மட்டுமே உண்டு, கொக்கோவின் திடப்பகுதி இல்லை. ஆகவே தேயிலையோடு போட்டி போட அங்கே ஆளே இல்லை. பாதிக்குப் பாதி வெள்ளையும் பழுப்பும் கலப்பது நல்ல சமரசம். இந்தியக் கடைகளில் ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் பேக்கிங் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவர எண்ணெய் இருக்கும். வேலை நடக்கும், ருசி நடக்காது. உறையில் கொக்கோ வெண்ணெய் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சிப்ஸ் வடிவத்தைவிடக் கட்டியை வாங்கிக் கத்தியால் கொத்திப் போடுவது சிறப்பு. சிறுதூளும் பெரிய துண்டுமாகக் கலந்திருந்தால் கடிக்குக் கடி ருசி மாறும்.

கொக்கோ பொடி 10 கிராம் என்பது குறைவாகத் தெரியலாம். மாவுக்கு நிறமும் ஆழமும் கொடுக்க அது போதும். வழக்கமான சாக்லேட் குக்கீகளில் போடுவதுபோல் 30, 40 கிராம் போட்டால் ஹோஜிச்சாவை மறந்துவிடலாம்.

இங்கே கிடைக்கும் பழுப்புச் சர்க்கரை பல சமயம் பெரிய படிகங்களாக, உலர்ந்து இருக்கும். அது லேசில் கரையாது. நாட்டுச் சர்க்கரை அதற்கு நல்ல மாற்று. பாகின் ஈரமும் மணமும் அதில் உண்டு. கட்டி இல்லாமல் சலித்து, அதே எடையில் சேர்க்கலாம். அதற்கும் ஒரு தனி மணம் இருப்பதால், வெளிர் நிறமான நாட்டுச் சர்க்கரையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

செய்முறை

வெண்ணெயைச் சிறு பாத்திரத்தில் மிதமான தீயில் உருக்கி, கொதிக்கும் முன் இறக்க வேண்டும். வெண்ணெயைப் பழுக்கக் காய்ச்சிச் சேர்ப்பது இப்போது குக்கீ உலகில் நாகரிகம். இந்தக் குக்கீக்கு அது வேண்டாம். காய்ச்சினால் வெண்ணெயின் தண்ணீர் ஆவியாகிப் பசையம் குறையும். காய்ச்சிய வெண்ணெயின் கடலை மணம் தேயிலையின் மணத்தை மூடிவிடும். உருகிய வெண்ணெய் விரல் தாங்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது ஹோஜிச்சா பொடியைச் சலித்துக் கொட்டி, கட்டி தட்டாமல் கலக்கி, பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். தாளிக்கும்போது கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் மணம் இறக்குவதுபோல், வறுத்த தேயிலையின் மணப்பொருள்களும் கொழுப்பில் நன்றாகக் கரைகின்றன. கெட்டியாகத் தேநீர் காய்ச்சி மாவில் ஊற்றினால் இந்தப் பலன் கிடைக்காது. மாவு நீர்த்துப்போவதுதான் மிச்சம்.

வெண்ணெய் வெதுவெதுப்பானதும் இரண்டு சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து விஸ்கால் ஒரு நிமிடம் அடிக்க வேண்டும். முட்டையைச் சேர்த்து மறுபடி அடித்து, மூன்று நிமிடம் சும்மா விட்டு, மீண்டும் அடித்தால் சர்க்கரை நன்கு கரைந்து கலவை வழவழப்பாகி மினுங்கும். சுட்ட குக்கீயின் மேல் மெல்லிய பளபளப்பான தோலும் வெடிப்புக் கோடுகளும் வருவது இப்படிக் கரைந்த சர்க்கரையால். வெண்ணெய் சூடாக இருக்கும்போது முட்டையைப் போட்டால் அது திரிந்துபோகும். இதில் அவசரம் உதவாது.

மைதா, கொக்கோ, ஆப்பசோடா மூன்றையும் சேர்த்துச் சலித்து, கலவையில் கொட்டி, கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத கணத்தில் நிறுத்திவிட வேண்டும். இழுவைக்குப் பசையம் வேண்டும்தான். அதற்கு வெண்ணெயிலும் முட்டையிலும் உள்ள தண்ணீரே போதும், பரோட்டாவுக்குப் பிசையும் வேலை இங்கே இல்லை. ஆப்பசோடா பழுப்புச் சர்க்கரையின் லேசான புளிப்போடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை உப்பச் செய்கிறது. மாவைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோவதால் சிவப்பதையும் துரிதப்படுத்துகிறது. தேநீரில் சோடா பட்டால் கறுப்பது போலவே மாவின் நிறமும் இதனால் இன்னும் கூடும். அளவு மீறினால் சோப்பு வாடை வரும். கடைசியாகச் சாக்லேட் துண்டுகள். மேலே பதிக்கக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

மாவு இந்த நிலையில் தளர்வாக இருக்கும். அதைப் பார்த்து மைதாவைக் கூட்டிவிடக் கூடாது. மூடி, குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் இறுகும், தேயிலைப் பொடியும் மைதாவும் ஈரத்தை உறிஞ்சும். ஓர் இரவு வைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்: மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக்குவதால் குக்கீ நன்றாகச் சிவக்கும், தேயிலையின் மணமும் மாவு முழுக்க ஊறியிருக்கும். 2008இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை 36 மணி நேர ஊறலைப் பரிந்துரைத்த பிறகு, உலகெங்கும் குக்கீ செய்வோர் மாவை ஊறவைக்கப் பழகிவிட்டார்கள். சென்னை வெயிலுக்கு இந்த ஓய்வு கட்டாயம். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் இறுகாத மாவு ஓவனில் நுழைந்ததும் தட்டு முழுவதும் ஓடிவிடும்.

சுடுவதற்கு முன் ஓவனை 175 டிகிரியில் நன்றாகச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மாவை 45 கிராம் உருண்டைகளாக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வைக்கலாம். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கொக்கோவும் ஹோஜிச்சாவும் சேர்ந்த மாவு முதலிலேயே பழுப்பாக இருப்பதால் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. இந்தக் குக்கீயில் பலர் தவறுவது இங்கேதான். ஓரத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அரை அங்குலம் இறுகியிருந்து, நடுப்பகுதி உப்பலாக, வேகாததுபோல் பளபளத்தால் அதுதான் எடுக்க வேண்டிய நேரம். தட்டின் சூட்டிலேயே மீதி வேகும். பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றலாம். மேலே துளி உப்புக்கல்லைத் தூவினால் தேயிலையின் இனிப்பு மணம் எடுப்பாகத் தெரியும்.

முட்டை சேர்க்காதவர்கள் முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தயிர் 40 கிராம் சேர்த்துச் செய்யலாம். இழுவை கொஞ்சம் குறையும், மென்மை இருக்கும். தயிரின் புளிப்பு ஆப்பசோடாவோடு சேர்ந்து குக்கீயைச் சற்று அதிகமாக உப்பச் செய்யும்.

குக்கீ தட்டையாக ஓடியிருந்தால் மாவு குளிரவில்லை அல்லது மைதா குறைந்தது. குன்றாக நின்றால் மைதா கூடியது. கசந்தால் தேயிலை கருகியது, அல்லது சாக்லேட் மிகக் கடுமையானது. மறுநாள் கட்டியானால் ஓவனில் நேரம் கூடியது. மணமே தெரியவில்லை என்றால் பொடி பழையதாக இருக்கக்கூடும். ஹோஜிச்சா பொடி திறந்ததும் காற்றிலும் வெளிச்சத்திலும் வேகமாக மணம் இழக்கும், ஆகவே சிறு டப்பாவாக வாங்கி ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு: சுடச்சுடச் சாப்பிட்டால் உருகிய சாக்லேட்தான் வாயை நிறைக்கும். இரண்டு மணி நேரம் ஆறிய பிறகு தேயிலை முன்னுக்கு வரும், மறுநாள் இன்னும் நன்றாக.

காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் மெத்தென்றே இருக்கும். சுடாத உருண்டைகளை உறைபெட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து, வேண்டும்போது உறைநிலையிலேயே ஓவனில் வைத்து இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடலாம். வீட்டு ஓவன்கள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே முதல் தடவை தட்டை நிரப்பாமல் ஒரே ஓர் உருண்டையை வைத்துச் சுட்டு, ஆறவிட்டுத் தின்று பார்த்து, அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொண்டு மீதியைச் சுடுங்கள்.